1.0001 என்ற விசித்திர அடிமானம்: பூர்கியின் அட்டவணை

லாக் புக் என்றாலே அடிமானம் 10 என்றுதான் நமக்குப் பழக்கம். 1620-ல் பிராகில் அச்சான யோஸ்ட் பூர்கியின் அட்டவணையில் அடிமானம் 1.0001. பூர்கி தொழிலில் கடிகாரம் செய்பவர்.

"அவர் அப்பவே ஆய்லர் எண்ணைக் கண்டுபிடிச்சுட்டார்" என்று இந்தப் புத்தகத்தைப் புகழ்வதுண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. மடக்கைகள் சிவப்பிலும் எண்கள் கறுப்பிலும் அச்சாகியிருக்கின்றன. வரிக்கு வரி சிவப்பு எண் 10 கூடும். சிவப்பு 100000-க்கு நேரே கறுப்பு 271814593. ஆய்லர் எண் 2.71828... என்று போகும். முதல் நான்கு இலக்கம் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அடிமானம் 1-ஐ நெருங்க நெருங்க இந்த எண் எங்கே போய் நிற்கும் என்பதுதான் கண்டுபிடிப்புக்கான கேள்வி. அந்தக் கேள்வி இந்த அட்டவணையில் இல்லை.

உண்மையான பெருமை வேறு. 100000000, 100010000, 100020001, 100030003... முந்தைய எண்ணை நான்கு இடம் வலப்பக்கம் தள்ளி, அதோடயே கூட்டினால் அடுத்த வரி. பெருக்கலே கிடையாது! 23027 தடவை இப்படிக் கூட்டினால் 9.999997797 வரும். 10-ஐத் தொட மிச்சம் 0.000002203. அடுத்த படியின் அளவு 0.00099999978. வகுத்தால் 0.0022. ஆக 10-இன் மடக்கை 23027.0022. பூர்கி தரும் சிவப்பு எண் 230270.022. பைத்தானில் முழு எண்களை வைத்தே ஓட்டிப் பார்த்தேன், அச்சு அசலா அதே விடை.

அடிமானம் 1-க்குப் பக்கத்தில் இருப்பதால் படிகள் ரொம்பச் சின்னவை. அதனால்தான் வெறும் வகுத்தலே தசம இலக்கங்களைத் தந்துவிடுகிறது. ஆனா மிதவைப் புள்ளிக் கணக்கில் இதே நெருக்கம் வில்லன். 1.0001-ஐக் கணினி இரும எண்ணாகச் சேமிக்கும்போது நேரும் சிறு பிழை, அதன் மடக்கையில் சுமார் பத்தாயிரம் மடங்கு பெரிதாகிவிடும். சாதாரண லாக் சார்பில் நான்கு இலக்கம் போச்சு. 0.0001-ஐ மட்டும் கொடுத்து லாக்1பி சார்பைக் கூப்பிடுவதே சரி.

குறைகளும் உண்டு. 10-இன் மடக்கை முழு எண் இல்லை. தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்தாலே 230270.022-ஐக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். 1624-ல் பிரிக்ஸ் அடிமானம் 10-க்கு 14 தசம இலக்கங்களோடு அட்டவணை போட்டார், இந்தத் தொல்லை தீர்ந்தது.

பெரிய குறை இன்னொன்று. முகப்புப் பக்கம் வாக்களிக்கும் விளக்கவுரை அச்சில் இல்லை. கையெழுத்துப் பிரதியாகக் கிடந்து 1856-ல்தான் அச்சேறியது. நேப்பியரோ 1614-லேயே விளக்கத்தோடு வெளியிட்டுவிட்டார். பூர்கி தன் வேலையை வெளியிடாமல் இழுத்தடித்ததை கெப்ளரே 1627-ல் குறை சொல்லியிருக்கிறார்.

என் மதிப்பீடு இதுதான்: பூர்கி தோற்றது கணக்கில் இல்லை, டாக்குமென்டேஷனில். ரீட்மீ இல்லாமல் நல்ல கோடை வெளியிடும் நம்மாட்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

நீங்களும் 2-இன் மடக்கையை இதே முறையில் போட்டுப் பாருங்க. 6931.8184 வரணும்.