இடப்பக்கம் சாய்ந்த வாணம்

வாசகர்களே, தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஓர் இரவு ஆனைக்குட்டம் அணைக்கரையில் நின்று சிவகாசித் திசையை நோக்குங்கள். தொலைவில் வாணம் ஒன்று எழும்பி வெடிப்பதைக் காணும் பேறு கிட்டலாம். பொறிகள் நாலா புறமும் சிதறி உருண்டைப் பூவாக விரியும். காற்றில்லாத இரவில் அந்தப் பூ எப்பக்கமும் சாய்வதில்லை. விரிந்தபடியே மெல்லக் கீழிறங்கும்.

அந்த ஊர் மாணவி ஒருத்தி இதே காட்சியைக் கணிப்பொறித் திரையில் வரையும் நிரல் ஒன்றை எழுதி வந்தாள். அவள் தாயார் பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். படம் அழகாகவே இருந்தது. புவிஈர்ப்பை அவள் இன்னும் சேர்க்கவில்லை. எனவே பூ வெடித்த இடத்திலேயே நின்று விரிய வேண்டும். அதுவோ விரிய விரிய இடப்பக்கமாகவும் மேலாகவும் நகர்ந்து சென்றது.

"காத்து அடிக்கிற மாதிரி இருக்கு சார்" என்றாள்.

"காத்தைப் பத்தி நீ ஒரு வரிகூட எழுதலையேம்மா" என்றேன்.

இயற்பியல் படித்தவர்களுக்கு இது சிறு பிழையன்று. வெடிப்பு என்பது அகவிசை. அது பொறிகளைச் சிதறடிக்கலாம். அவற்றின் நிறை மையத்தை நகர்த்த முடியாது. புறவிசை ஏதுமின்றி நிறை மையம் நகர்ந்தால், உந்தம் மாறா விதி பொய்த்துவிட்டது என்று பொருள். அவள் எழுதிய சமன்பாடுகளோ சரியாகவே இருந்தன. அப்படியானால் தவறு எங்கே?

அவள் பயன்படுத்தியது பைகேம் என்னும் கருவித்தொகுப்பு. பைதான் மொழியில் விளையாட்டுகள் எழுத உதவும் இதனைப் பீட் ஷின்னர்ஸ் என்பவர் 2000-ஆம் ஆண்டில் தொடங்கினார். சாம் லாண்டிங்கா 1998-இல் வெளியிட்ட எஸ்.டி.எல். என்ற தொகுப்பின் மீது இது கட்டப்பட்டது. விலை ஏதுமில்லை. பழைய கணிப்பொறியிலும் ஓடும். நம் ஊர் மாணவர்க்கு இவை பெரிய உதவிகள்.

இதன் படம் வரையும் பகுதியை அமைத்தவர்கள் திறமைசாலிகள் என்பதில் ஐயமில்லை. திரையில் அசையும் ஒவ்வொன்றையும் 'ஸ்பிரைட்' என்ற பொருளாகக் கருதுகிறார்கள். நிரலாக்கத்தில் பொருள் என்பது, தனக்குரிய விவரங்களையும் தான் செய்யக்கூடிய செயல்களையும் ஒருங்கே வைத்திருக்கும் ஓர் அலகு. ஸ்பிரைட் வரையப்பட வேண்டுமானால் அதனிடம் இரண்டே இரண்டு இருந்தால் போதும். ஒன்று, அதன் படம். மற்றது, படத்தை வைக்க வேண்டிய கட்டம். இதற்கு 'ரெக்ட்' என்று பெயர். நூறு பொறிகளை ஒரு குழுவில் சேர்த்துவிட்டு "நகருங்கள்" என்று ஓர் ஆணை, "வரையுங்கள்" என்று ஓர் ஆணை இட்டால் வேலை முடிந்தது. அணைந்த பொறியை ஒரே சொல்லில் நீக்கலாம். இந்தச் சிக்கனம் பாராட்டத்தக்கது.

குறை அந்தக் கட்டத்தில்தான் ஒளிந்திருக்கிறது. திரை என்பது படப்புள்ளிகளால் ஆனது. அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. ஆகவே ரெக்ட் முழு எண்களையே ஏற்கும். பின்ன எண்ணைக் கொடுத்தால் பின்னத்தை வெட்டிவிட்டு முழு எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் தராது.

இதன் விளைவைத் தாளில் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு பொறி 300-ஆம் புள்ளியில் இருக்கிறது. ஒவ்வொரு சட்டத்திற்கும் 0.4 புள்ளி வலப்பக்கம் செல்ல வேண்டும். 300.4 என்பது வெட்டப்பட்டு 300 ஆகிறது. அடுத்த சட்டத்திலும் அதே கதை. பொறி நகரவே இல்லை. அதன் இணைப் பொறி அதே வேகத்தில் இடப்பக்கம் செல்கிறது. 299.6 என்பது வெட்டப்பட்டு 299 ஆகிறது. பிறகு 298, 297. நொடிக்கு 60 சட்டங்கள் என்றால் இரண்டும் 24 புள்ளிகள் நகர வேண்டும். ஒன்று நின்றுவிட்டது, மற்றது 60 புள்ளிகள் ஓடிவிட்டது. இவ்விணையின் நடுப்புள்ளி நொடிக்கு 30 புள்ளிகள் இடப்பக்கம் நகர்கிறது. 0.4-க்குப் பதிலாக 3.7 என்று வைத்துப் பாருங்கள். ஒன்று 3 புள்ளிகள், மற்றது 4 புள்ளிகள். நடுப்புள்ளியின் நகர்வு முன்போலவே 30 தான். திரையின் மூலப்புள்ளி மேல் இடது மூலையில் உள்ளது. கீழே போகப் போக எண் கூடும். ஆகவே குத்துத் திசையிலும் இதே வெட்டு பூவை மேலே தள்ளுகிறது. மாணவி கண்ட காற்று இதுவே.

"ரெக்ட் வரைவதற்காக ஏற்பட்டது, அதில் பொறியின் இடத்தைச் சேமித்தது மாணவியின் தவறுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இடத்தைத் தனியே பின்ன எண்ணாக வைத்துக்கொண்டு, வரையும் நேரத்தில் மட்டும் முழு எண்ணாக்கினால் இப்பிழை வராது. ஆனால் இடம் என்று சொல்லிக்கொள்ள ஸ்பிரைட்டிடம் ரெக்ட்டைத் தவிர வேறொன்றும் கேட்கப்படவில்லை. ஒரே ஒரு கொக்கி இருக்கும் அறையில் வருகிறவர் சட்டையை அதில்தான் மாட்டுவார். கற்பவரைத் தவறான இடத்திற்கு இட்டுச் செல்லும் அமைப்பும் அந்தத் தவற்றில் பங்கேற்க வேண்டும்.

2023-இல் பிரிந்து வளர்ந்த பைகேம்-சி.இ. என்ற கிளையில், பின்ன எண்களை ஏற்கும் 'எஃப்ரெக்ட்' கிடைக்கிறது. நல்ல மாற்றம். எனினும் நோயின் வேர் அப்படியே உள்ளது. பொறி எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதன் படத்தைத் திரையில் எங்கே ஒட்டுவது என்பது வேறொரு கேள்வி. இரண்டிற்கும் ஒரே பெட்டியில் விடை வைத்ததே குறை.

பொருள்நோக்கு நிரலாக்கம் பிறந்த கதை இங்கு நினைவுகொள்ளத்தக்கது. நார்வே நாட்டின் டாலும் நைகார்டும் 1960-களில் சிமுலா மொழியை உருவாக்கியது படம் வரைவதற்காக அன்று. உலக நிகழ்ச்சிகளைப் பாவனை செய்து ஆராய்வதற்காக. அந்த மரபின்படி பொறி என்ற பொருள் முதலில் பொறியாக இருக்க வேண்டும். படமாவது பிறகுதான்.

அப்படியானால் நல்ல அமைப்பு எது? மூன்று பொருள்கள் போதும் என்பது என் கருத்து. முதலாவது பொறி: தன் இடத்தை மீட்டரிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்றும் அது அறியும், திரையைப் பற்றி ஒன்றும் அறியாது. இரண்டாவது சாளரம்: மீட்டரைப் படப்புள்ளியாக மாற்றுவதும், மேல் கீழைத் திருப்புவதும் அதன் வேலை. மூன்றாவது தூரிகை: எந்த உப்பு எரிந்தால் எந்த நிறம் என்ற பட்டியல் அதனிடம் இருக்கும்.

இவ்வமைப்பைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு மாற்றம் வந்தால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும் என்று பாருங்கள். நிலவில் வாணம் விட வேண்டுமா? 9.8-ஐ 1.6 ஆக்குங்கள், பொறியை நகர்த்தும் பகுதியில் ஓர் எண். திரை பெரிதானால் சாளரத்தில் ஓர் எண். பச்சை நிறம் தரும் பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்த 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதைக் காட்ட வேண்டுமானால் தூரிகையின் பட்டியலில் ஒரு வரி. எல்லாம் ஸ்பிரைட்டுக்குள் கலந்து கிடந்தால் நிரல் முழுவதையும் துழாவ வேண்டும்.

இதை விளக்கத் தொடங்கியபோது மாணவி இடைமறித்தாள். "எங்கம்மா ஆலையில மருந்து கலக்குற ரூம் தனி, காய வைக்கிற இடம் தனி சார். ஒரு ரூம்ல ரெண்டு வேலை பார்க்கக்கூடாதுன்னு சொல்லுவாங்க" என்றாள். நான் கூற வந்ததை அவள் கூறிவிட்டாள். அறைகளுக்கிடையே இடைவெளி, ஓர் அறைக்குள் இத்தனை பேரே என்ற விதிகள் வெறும் ஒழுங்குக்காக ஏற்பட்டவை அல்ல. ஓரிடத்துத் தவறு மற்றோரிடத்திற்குப் பரவக்கூடாது என்பதே அவற்றின் உட்பொருள். அவ்விதி மீறப்பட்டதன் விலை என்னவென்று இவ்வட்டாரத்துக் குடும்பங்களுக்குத் தெரியும். திரையில் மீறினால் ஒரு பூ சாயும், அவ்வளவே. ஆகவே பிரித்து அமைக்கும் பழக்கத்தைத் திரையிலேயே கற்றுக்கொள்வது நல்லது.

பைகேமை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தொடங்குபவர்க்கு அது இன்றும் நல்ல துணை. ஆனால் எந்தக் கருவியையும் விதிகளைக் கொண்டு உரசிப் பார்க்க வேண்டும். உங்கள் திரையிலும் ஒரு வாணத்தை வெடிக்கச் செய்யுங்கள். எல்லாப் பொறிகளின் இடங்களையும் கூட்டிச் சராசரி காணுங்கள். புறவிசை இல்லாதபோது அச்சராசரி அசையக்கூடாது. அசைந்தால் காற்றைக் குறை சொல்லாதீர்கள். நிரலைத் திறந்து பாருங்கள்.