பறவைகளை ரசிப்பது எப்படி?

பறவை பார்ப்பதென்றால் விலையுயர்ந்த தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, விடியுமுன் எழுந்து, காட்டுக்கோ காயலுக்கோ போய்த் தவங்கிடக்க வேண்டிய காரியம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருப்பதால்தான், சமையலறை ஜன்னலுக்கு வெளியே அனுதினமும் செலவில்லாமல் கிடைக்கிற ஓர் ஆனந்தத்தை அறியாமலே ஆயுளைக் கழித்துவிடுகிறோம். அபூர்வப் பறவையைத் தேடிப் போவது பிற்பாடு வரவேண்டிய ஆசை. சாதாரணப் பறவையை நெடுநேரம் பார்க்கப் பழகுவதே இந்த ரசனைக்கு முதற்படி.

ஆகவே, புதிதாகப் புகுவோர் காக்கையிலிருந்து தொடங்கலாம். கழுத்தில் சாம்பல் நிறம் படர்ந்திருப்பது வீட்டுக் காக்கை. தலைமுதல் வால்வரை கருமையும் தடித்த அலகும் உடையது அண்டங்காக்கை. இந்த ஒரு பேதத்தைக் கண் தானாக அறியும்வரை வேறொன்றையும் தேடவேண்டாம். வெயில் ஏறும் மாதங்களில் காக்கை சுள்ளியும் கம்பித்துண்டுமாகச் சேர்த்துக் கூடு கட்டும் மரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு பொறுமையோடு காத்திருப்பவருக்கு, ஆண் குயில் கூட்டருகே துணிந்து வந்து காக்கைகளின் கோபத்தைத் தன்மீது இழுத்துக்கொண்டு பறக்க, அந்தச் சிறு அவகாசத்தில், பழுப்பு மேனியில் வெண்புள்ளிகள் இறைந்த பெண் குயில் ஓசையின்றிக் கூட்டுக்குள் புகுந்து முட்டையிட்டு மறைகிற தந்திரம் என்றேனும் ஒரு நாள் பிரத்தியட்சமாகக் காணக் கிடைக்கும். படிப்படியாகச் சுருதி ஏறிக்கொண்டே போகும் அந்தப் பிரசித்தமான கூவல் கருநிற ஆணுடையது; பெண்ணுக்கு வாய்த்தது ‘கிக்-கிக்-கிக்’ என்ற அவசரக் குரல்தான். கூவுவது யார் என்று தெரிந்து கேட்கும்போது குயிலோசை முன்னிலும் இனிக்கும்.

பறவையை ரசிப்பதில் கண்ணுக்குள்ள உரிமை செவிக்கும் உண்டு. காலையில் காபி ஆறுகிற நேரம் மாடியிலோ திண்ணையிலோ கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, வருகிற குரல்கள் எத்தனை விதம் என்று பிரித்தறிய முயலுங்கள். கன்னார் தெருவில் செம்புத் தகட்டைச் சுத்தியால் தட்டுவதுபோல ‘டுக், டுக், டுக்’ என்று லயம் பிசகாமல் நிமிஷக்கணக்கில் ஒலிப்பது செம்மார்புக் குக்குறுவான். கூவும்போதே தலையை இப்புறமும் அப்புறமும் திருப்பிக்கொள்வதால் ஒலி வரும் திசை புலப்படாது. ஆல், அரசு முதலிய மரங்களின் உச்சியில் உலர்ந்த கிளைகளாகப் பார்த்துத் தேடினால், நெற்றியிலும் மார்பிலும் சிவப்பணிந்த அந்தச் சிறு பச்சைப் பறவை அகப்படும். உருவத்துக்குச் சற்றும் பொருந்தாத உரத்த குரலில் தோட்டத்துச் செடிகளிடையே அழைப்பது தையல்சிட்டு. இலையின் ஓரங்களை அலகால் துளைத்து, பஞ்சிழையும் சிலந்தி நூலும் கோத்துத் தைத்து, அந்தப் பைக்குள் அது குடித்தனம் நடத்தும். கூட்டைக் கண்டுவிட்டால் தொடாமலும் நெருங்காமலும் பார்ப்பதே ரசிகனுக்கு அழகு.

இவ்வித்தையை முந்திய தலைமுறையினர் புத்தகங்களைக்கொண்டே கற்றார்கள். சாலிம் அலி 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகளைப் பற்றிய நூல் பலருக்குக் கண் திறந்துவிட்டது, நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-இல் மறையும்வரை ஆங்கிலப் பத்திரிகையொன்றில் எழுதிவந்த இயற்கைக் குறிப்புகளோ, சாமானியப் பிராணிகளிடத்தும் இவ்வளவு விசேஷம் உண்டா என்று வியக்கவைத்தன. நம் காலத்தில் அந்தத் துணை கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. உலகத்துப் பறவைக் குரல்களையெல்லாம் சேகரித்துவைத்திருக்கும் சேனோ-காண்டோ தளத்தில் எவரும் இலவசமாகக் கேட்கலாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெர்லின் செயலி, கேட்கிற குரலைக்கொண்டே பறவையின் பெயரைச் சொல்ல முயலும். இவற்றைப் பயன்படுத்துவதில் ஒரு நியமம் வேண்டும்: முதலில் நிறம், வாலின் நீளம், அலகின் வடிவம், அமரும் இடம் ஆகியவற்றை நாமே கவனித்து ஒரு முடிவுக்கு வந்தபிறகே கருவியைக் கேட்கவேண்டும், கேட்டவுடன் பெயர் கிடைத்துவிட்டால் பார்க்கும் சிரத்தை போய்விடும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதோ, தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று அதைப் பதறவைக்கும் பாவம்.

பிரயாணத்தில் இந்த ரசனை இரட்டிப்பாகும். பகல் நேரத்து ரயிலில் வெயில் படாத பக்கத்து ஜன்னலோரம் அமர்ந்து, தண்டவாளத்தை ஒட்டி ஓடும் கம்பிகளைப் பாருங்கள். பிளந்த வாலோடு கருகருவென்று அமர்ந்திருப்பது கரிச்சான். தன்னிலும் பெரிய காக்கையையும் பருந்தையும் கூட்டருகே அண்டவிடாமல் விரட்டுகிற வீரன் அது. கம்பியிலிருந்து சட்டென்று எழும்பி, தேனீயை அந்தரத்தில் பிடித்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, கொடுக்கு நீங்கும்படி அதை அடித்துத் தேய்த்து விழுங்குவது பஞ்சுருட்டான். மங்கிய பழுப்பாய் ஒன்று உட்கார்ந்திருந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். பறக்கும் கணத்தில் சிறகெல்லாம் நீலமாக விரியும் பனங்காடையாக அது இருக்கக்கூடும்.

தென்னாட்டார் ஒரு முறையேனும் போகவேண்டிய இடம், சென்னையிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேடந்தாங்கல். ஏரிநீரில் கலக்கும் எச்சம் வயலுக்கு உரமாவதை அனுபவத்தில் அறிந்த அவ்வூர்க் குடியானவர்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளை எவரும் சுடாதபடி உரிமை பெற்றார்கள். 2022-இல் அந்த ஏரி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் நீர்நிலைகளில் ஒன்றாயிற்று. டிசம்பர் முதல் பிப்ரவரிவரை நல்ல பருவம். எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் வில்லைகொண்ட இருகண் நோக்கி போதுமானது. எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிக்காமல், நீரில் நிற்கும் கடம்ப மரமொன்றைத் தேர்ந்துகொண்டு அதையே பாருங்கள். நத்தைகுத்தி நாரையின் அலகுக்கு நடுவே இடைவெளி இருக்கும். அதன் குஞ்சுக்கு அந்த இடைவெளி இராது, வளர வளரத்தான் உண்டாகும். உச்சி வெயிலில் தாய்நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். மாலையில் மற்றப் பறவைகள் கூட்டங்கூட்டமாகத் திரும்புகையில், வக்கா என்னும் இராக்கொக்கு அப்போதுதான் இரைதேடப் புறப்படும். ஓட்டமாக வந்து படம்பிடித்துப் போகிறவர்களுக்கு இவையொன்றும் கிட்டா.

வீட்டருகே ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்து, அது என்ன தின்கிறது, யாரோடு சண்டையிடுகிறது, எங்கே உறங்குகிறது என்று ஒரு மாதம் தேதியிட்டுக் குறித்துவாருங்கள். ஆண்டுதோறும் பொங்கலையொட்டித் தமிழகத்துப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பில், பதினைந்து நிமிஷம் ஓரிடத்திலிருந்து எண்ணிய பறவைகளை இ-பேர்டு தளத்தில் பதியும் எவரும் பங்குகொள்ளலாம். வரும் பொங்கலில் கரும்பைக் கடித்துக்கொண்டே அந்தப் பதினைந்து நிமிஷத்தைக் குடும்பத்தோடு மொட்டைமாடியில் செலவிடுங்கள். குழந்தைகளையும் எண்ணச் சொல்லுங்கள்.