மாணவர் ஆராய்ச்சியும் நன்னூலார் கணக்கும்

நன்னூலைப் பாடங்கேட்ட தமிழாசிரியர் யாவரும், அதன் பாயிரத்திலே மாணாக்கனின் கல்விக்குப் பவணந்தி முனிவர் போட்டுக் காட்டிய கணக்கை அறிவர். ஆசிரியர் உரைத்ததைப் பழுதறக் கொண்டாலும் மாணாக்கனுக்கு வாய்ப்பது புலமையிற் காற்பங்கே. உடன் கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கோ, கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக விரித்துரைக்கும்போதுதான் கைகூடும். 13ஆம் நூற்றாண்டினதாகச் சொல்லப்படும் இக்கணக்கு, இன்று பல்கலைக்கழகங்களில் பட்ட வகுப்பு மாணவர்கள் நெறியாளர் துணையோடு செய்யும் ஆராய்ச்சியை அளந்து பார்க்கவும் பயன்படுகிறது.

பட்டம் பெற்ற பின்னரே ஆராய்ச்சி என்பது பழைய முறை. இம்முறையை அமெரிக்காவிலே வன்மையாக எதிர்த்தவர்களுள் ஒருவர், உடனடிப் புகைப்படக் கருவியைக் கண்டுபிடித்த எட்வின் லாண்ட். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1957ஆம் ஆண்டு ஆற்றிய சொற்பொழிவில், கல்லூரியிற் காலடி வைத்த நாள் முதலே மாணவன் ஒவ்வொருவனுக்கும் சொந்த ஆராய்ச்சி ஒன்றும், அதற்குத் துணை நிற்கும் வழிகாட்டி ஒருவரும் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இக்கருத்து 1969இல் அக்கழகத்தின் இயற்பியல் அறிஞரான மார்கரெட் மக்விக்கார் அம்மையாரின் முயற்சியால் ஒரு திட்டமாக உருப்பெற்றது. முதலாண்டு மாணவரும் அதிற் சேரலாம். அறிவியல், பொறியியல் மட்டுமன்றிக் கலைத் துறைகளுக்கும் அதில் இடமுண்டு. பின்னர்ப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் இத்தகைய திட்டங்களை மேற்கொண்டன.

“தவழும் பிள்ளையை ஓடச் சொல்வதா? இலக்கணமே முற்றக் கல்லாதவனுக்கு ஆராய்ச்சி எதற்கு?” என்று வினவுவாரும் உளர். அவர்க்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுவோம். 1928இல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டை, மாநிலக் கல்லூரியிற் பயின்று கொண்டிருந்த சந்திரசேகர் என்னும் இளைஞர் சென்று கண்டார். அவர் படித்திருந்த இயற்பியல் பழமையாகிவிட்டது என்று எடுத்துச் சொன்ன அப்பெரியார், அச்சேறாதிருந்த தம் கட்டுரையின் படியையும் அவரிடம் கொடுத்தார். ஆசிரியர் தந்த காற்பங்கு அவ்வளவே. அதனைக் கொண்டு தாமே முயன்று எழுதிய கட்டுரையைச் சந்திரசேகர் கேம்பிரிட்ஜிலிருந்த ஃபவுலருக்கு அனுப்பினார். 1929இல் அது இலண்டன் ராயல் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. அப்போது அவர் பட்டம் பெறாத மாணவர். பிற்காலத்தில், 1983இல், நோபல் பரிசும் அவரை வந்தடைந்தது.

எல்லா மாணவரும் சந்திரசேகராக இயலாது; அது நோக்கமுமன்று. நெறியாளர் எதைத் தந்தார், எதைத் தராது விட்டார் என்பதே இங்கு நாம் கருதற்பாலது. அவர் முடிவைத் தரவில்லை. புதிய வழி இருக்கிறது என்பதை மட்டும் காட்டினார். தலைப்பையும் தாமே கொடுத்து, அதிகாரப் பிரிவையும் தாமே வகுத்து, முடிவுரையையும் தாமே திருத்தி எழுதும் நெறியாளர், மாணவனை ஆராய்ச்சியாளனாக்கவில்லை, படியெடுப்போனாக்கி விடுகிறார். தலைப்பில் கையொப்பமிட்ட பின் ஏடு முடிந்த நாளில் மட்டும் முகங்காட்டும் நெறியாளரும் அவரினும் மேலானவரல்லர்.

இனி இரண்டாம் காற்பங்குக்கு வருவோம். அறிவியல் மாணவன் ஆய்வுக்கூடத்தினுள் நுழைந்ததும் உடன் உழைப்போர் நால்வரைக் காண்கிறான். தான் செய்த பிழையை அடுத்த மேசையில் இருப்பவன் அன்றே எடுத்துக்காட்டுகிறான். தமிழ் மாணவனோ நூலகத்தின் ஒரு மூலையிலே தனியே அமர்கிறான். அவன் பிழை தேர்வாளர் கைக்குப் போகும் வரை அவனோடே இருக்கிறது. இக்குறையை நீக்கவியலும். தோட்டத்து மக்களின் பேச்சு வழக்குச் சொற்களைத் தொகுப்பதும், பழைய நாளேடுகளில் வந்த சிறுகதைகளுக்கு அட்டவணை அமைப்பதும் பலர் கூடிச் செய்யத்தக்க பணிகள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் பட்டியலிட்டு இராம சுப்பையா தொகுத்த நூலை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்டது. அப்பணியை இன்று வரை நீட்டித் தர ஒரு மாணவர் குழு முன்வருமாயின், பின்வரும் ஆய்வாளர் அனைவரும் அதற்குக் கடப்பாடுடையராவர்.

நாம் பெரிதும் கைவிட்டது அந்த அரைப்பங்கையே. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தோன்றியது 1956இல். அது தொட்டு இவ்வட்டாரத்துத் தமிழரின் வாழ்வையும் இலக்கியத்தையும் பற்றி எத்தனையோ மாணவர்கள் உழைத்து எழுதியுள்ளனர். அவ்வேடுகளில் ஒரு படி நூலகத்துக்குப் போகிறது; மற்றொரு படி வீட்டுப் பெட்டிக்குப் போகிறது. பிள்ளை என்ன எழுதினான் என்பதைப் பெற்றோரும் அறியார். எந்த மக்களைப் பற்றி எழுதினானோ அவர்களும் அறியார். கேட்பார் இல்லாத ஆராய்ச்சிக்கு ஐயமும் இல்லை, மறுப்பும் இல்லை, ஆதலின் வளர்ச்சியும் இல்லை.

அமெரிக்கர் இதனை உணர்ந்தே, 1987இல் ஆஷ்வில் நகரத்தில் பட்ட வகுப்பு மாணவரின் ஆராய்ச்சிக்கென ஒரு நாடு தழுவிய மாநாட்டைத் தொடங்கினர். பல துறை மாணவரும் அங்கே பிற துறையார்க்கு விளங்கும்படி தம் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைத் தனிநாயக அடிகளார் 1966இல் கூட்டிய நகரம் நமது கோலாலம்பூர். அறிஞர்க்கு அவை கூட்டிய நாம் மாணவர்க்கு ஓர் அவை கூட்ட இயலாதா? பெரும்பொருள் வேண்டா. ஒரு பள்ளி மண்டபமும், ஞாயிற்றுக்கிழமைக் காலைப்பொழுதும், வினாத் தொடுக்கத் தெரிந்த தமிழாசிரியர் இருபதின்மரும் போதும்.

அவ்வவையிலே நின்று, “இதற்குச் சான்று யாது, தம்பி?” என்ற வினாவுக்கு நடுங்காமல் விடை சொல்லும் மாணவனே நன்னூலார் கணக்கை நிறைவு செய்தவனாவான். அவ்வினாவை எழுப்பும் கடமை, தமிழாசிரியர்களே, உங்களுடையது.