தோலை மறந்து காலைப் பார்ப்பது எப்படி?

2017-இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வென்ற ‘தி ஸ்கொயர்’ படத்தில் ஒரு விருந்துக் காட்சி வருகிறது. கோட்டும் சூட்டுமாகச் சீமான்கள் அமர்ந்திருக்கும் கூடத்துக்குள் மேலாடை இல்லாத ஒருவர் நுழைகிறார். கைகளை நீளமாக்க இரண்டு குட்டையான ஊன்றுகோல்கள், அவ்வளவுதான் வேடம். ரோமம் இல்லை, முகமூடி இல்லை. ஆனாலும் சில நொடிகளில் அந்தக் கூடத்தில் ஒரு மனிதக்குரங்கு உலவத் தொடங்கிவிடுகிறது. படத்தின் விருந்தாளிகளோடு சேர்ந்து பார்க்கிறவர்களும் சிரிப்பை நிறுத்திவிடுகிறார்கள். நடித்தவர் டெரி நோட்டரி. ஜிம்னாஸ்டிக்ஸில் பழகி, சர்க் து சோலேய் சர்க்கஸில் ஆடியவர். ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ புதிய வரிசைப் படங்களில் சக நடிகர்களுக்குக் குரங்கின் உடல்மொழியைச் சொல்லிக்கொடுத்தவரும், ராக்கெட் என்ற குரங்காக நடித்தவரும் அவரே.

நடிகரின் அசைவைப் பதிவுசெய்து கணினி உருவத்துக்குக் கொடுக்கும் மோஷன் கேப்சரை ரசிக்கப் பழகுகிறவர் ‘அவதார்’ போன்ற பிரம்மாண்டங்களில் தொடங்குவதைவிட இந்த விருந்துக் கூடத்தில் தொடங்குவது நல்லது. அடியில் கிடக்கும் நடிப்பு இங்கே போர்வை இல்லாமல் தெரிகிறது. ரோமமும் நீலத் தோலும் அதன்மேல் பிறகு போர்த்தப்படுபவை. டிக்கெட் வாங்கிய கண்ணோ பெரும்பாலும் போர்வையிலேயே நின்றுவிடுகிறது.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆளின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரியும்படி இருட்டில் படம்பிடித்தார். ஆள் அசையாதபோது பார்த்தவர்களுக்கு அது வெறும் புள்ளிக் கூட்டம். அடியெடுத்து வைத்ததும், ஒரு நொடிகூட ஆகாமல், நடப்பது மனிதன் என்று கண்டுகொண்டார்கள். 1977-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கட்டிங், லின் கோஸ்லோவ்ஸ்கி இருவரும் இன்னும் ஒரு படி போய், இப்படிப்பட்ட புள்ளிகளின் நடையை வைத்தே நண்பர்களை அடையாளம் காண முடிகிறது என்று காட்டினார்கள். முகம் தெரியாத தொலைவில் வரும்போதே “பெரியப்பா வர்றாரு, காப்பி போடு” என்று குரல் கொடுக்கும் வீடுகளுக்கு இது புதுச் செய்தி அல்ல. அந்தக் கண் எல்லாருக்கும் இருக்கிறது. தியேட்டரில் அது தூங்கிவிடுகிறது.

அதை எழுப்ப, அசைவு எப்படிப் பதிவாகிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். பிரதானமாக இரண்டு வழிகள். ஒன்று, வெளியிலிருந்து பார்ப்பது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வைகான் இந்த வகையில் பழைய பெயர். அதன் தாய் நிறுவனம் 1984-இல் தொடங்கியது. நடிகரின் இறுக்கமான உடையில் சிறு உருண்டைகள் ஒட்டப்படும். சுற்றிலும் உள்ள கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியை வீச, நெடுஞ்சாலைப் பலகை ஹெட்லைட்டில் ஒளிர்வதுபோல உருண்டைகள் அதைத் திருப்பி அனுப்பும். ஓர் உருண்டையைக் குறைந்தது இரண்டு கேமராக்கள் பார்த்தால்தான் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்கிட முடியும். இரண்டு பேர் கட்டிப்பிடித்தால் பாதி உருண்டைகள் மறைந்துபோகும்.

இன்னொன்று, உடம்பையே சொல்லவைப்பது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் 2000-இல் தொடங்கிய எக்ஸ்சென்ஸ் இதில் முன்னோடி. அதன் உடையில் 17 சென்சார்கள்: தலை, தோள், முன்கை, தொடை, பாதம் என்று உடல் முழுக்க. முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கிற இதே இனத்துச் சென்சார்தான் செல்போனைச் சாய்த்தால் திரையையும் திருப்புகிறது. கேமரா வேண்டாம், ஸ்டூடியோ வேண்டாம். மொட்டை மாடியிலும் ஓடலாம். அதற்குக் கொடுக்கும் விலை இதுதான்: முடுக்கத்திலிருந்து இடத்தைக் கணக்கிட இரண்டு முறை கூட்டிக்கொண்டே போக வேண்டும், கடுகளவு பிழையும் நேரம் போகப்போகப் பூசணிக்காய் ஆகிவிடும். நின்ற ஆள் மெல்ல நகர்ந்துவிட்டதாகக் கணக்கு சொல்லும். அதனால் பாதம் தரையில் பதியும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது.

ஆகவே, காலைப் பார்க்க வேண்டும். பதிந்த பாதம் ஐஸ் மேல் நிற்பதுபோல் சற்றே வழுக்கினாலும் கண் அதைப் பிடித்துவிடும்; எதைப் பிடித்தோம் என்பதுதான் தெரியாது, ‘என்னவோ பொம்மை மாதிரி இருக்கு’ என்று தோன்றும். அடுத்தது இடுப்பு. எழுந்திருக்கப் போகிறவர் எழுவதற்கு முன் உடல் எடையை முன்னே தள்ளுகிறார். கையால் வரைந்த அனிமேஷனில் இந்த முன்னசைவை ஒருவர் யோசித்துச் சேர்க்க வேண்டும். நல்ல மோஷன் கேப்சரில் அது கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும். ஒலியை நிறுத்திவிட்டு ஒரு காட்சியை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தால் இவை பளிச்சென்று தெரியும்.

எக்ஸ்சென்ஸ் சென்சார்களின் வேலையைப் பார்க்க 2012-இல் வந்த ‘டெட்’ நல்ல உதாரணம். வாய்த்துடுக்கான கரடிப் பொம்மைக்குக் குரலும் அசைவும் தந்தவர் இயக்குநர் சேத் மெக்ஃபார்லேன். படப்பிடிப்புத் தளத்திலேயே சென்சார்களைக் கட்டிக்கொண்டு, மார்க் வால்பெர்க்குக்கு அங்கேயே பதில் பேசி நடித்தார். அந்தப் படத்தில் கரடியின் ரோமத்தை விட்டுவிட்டு, சொல்லுக்கும் தோள் குலுக்கலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனிக்கலாம். நகைச்சுவையின் பாதி அங்கேதான் இருக்கிறது.

உருவம் பெரிதாகும்போது விஷயம் இன்னும் சுவாரசியம். 2005-இன் ‘கிங் காங்’ 25 அடி உயரம். அதற்கு உடல் தந்த ஆண்டி செர்கிஸ் சராசரி மனிதர். கால் ஓர் ஊசல் என்று வைத்துக்கொண்டால், நான்கு மடங்கு நீளமான கால் ஒரு வீச்சுக்கு இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். மனிதனின் வேகத்திலேயே அசைந்தால் ராட்சதக் குரங்கும் உடை மாட்டிய ஆளாகத்தான் தெரியும். எவ்வளவு நிதானமாக அடி விழுகிறது என்று மனசுக்குள் எண்ணிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

செர்கிஸ் பெயர் வந்தாலே ஒரு பஞ்சாயத்தும் கூட வரும். இந்தத் தொழில்நுட்பத்தை ‘டிஜிட்டல் மேக்கப்’ என்று அவர் சொல்லப்போக, அனிமேட்டர்கள் கொதித்தார்கள். கோபத்தில் நியாயம் உண்டு. மனிதக் கை அளவு வேறு, சிம்பன்சியின் கை அளவு வேறு. ஒன்றின் அசைவை மற்றதில் பொருத்துவது ஆடையை ஆல்டர் செய்வது போன்ற வேலை, தையல் தெரிந்தவருக்கே வரும். ‘டான் ஆஃப் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்தில் செர்கிஸ் நடித்த சீசர் என்ற குரங்கு பேசாமல் முறைக்கும் காட்சிகளில் நடிகர் எங்கே முடிகிறார், அனிமேட்டர் எங்கே தொடங்குகிறார் என்று பிரிக்க முடியாது. பிரிக்க முயன்று தோற்பதே ஒரு ரசனை.

முகம் தனிக் கதை. 2004-இன் ‘தி போலார் எக்ஸ்பிரஸ்’ குழந்தைகள் சிலருக்குப் பயம் கொடுத்தது, கண்கள் உயிரில்லாமல் இருந்ததால். கருவிழியில் உருண்டை ஒட்ட முடியாதே! இந்தக் குறைக்கு மாற்றாக, ‘அவதார்’ நடிகர்கள் தலையில் மாட்டிக்கொண்ட குட்டி கேமரா, முகத்தை எந்நேரமும் அருகிலிருந்து பார்த்தது.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. 2000-இல் வந்த ‘சிந்துபாத்: பியாண்ட் தி வெய்ல் ஆஃப் மிஸ்ட்ஸ்’, முழுநீளப் படத்தையே மோஷன் கேப்சரில் எடுத்த முன்னோடி முயற்சி, அதன் பின்னால் இருந்தது சென்னையின் பென்டாஃபோர் நிறுவனம். 2014-இல் சௌந்தர்யா ரஜினிகாந்த் அதே நுட்பத்தில் இயக்கிய ‘கோச்சடையான்’ வந்தது. 2009-இல் மறைந்த நடிகர் நாகேஷைக்கூட அதில் திரும்ப நடமாட விட்டார்கள். அந்தப் படத்தை முகத்துக்காகப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள், அது நியாயமான ஏமாற்றம். இன்று மறுபடி போட்டு, முகங்களைக் கையால் மறைத்துக்கொண்டு உடல்களை மட்டும் பார்த்தால், எந்த இடத்தில் எடை தரையில் இறங்குகிறது, எந்த இடத்தில் மிதக்கிறது என்று ரீல் ரீலாகக் கற்றுக்கொள்ளலாம். வெற்றிபெற்ற படங்கள் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லித்தருவதில்லை.

இதெல்லாம் பழகியபின் பார்க்க ஒன்று உண்டு. நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 1999-இல், தன் 80-ஆவது வயதில் ‘பைபெட்’ என்ற படைப்பை மேடையேற்றினார். நடனக் கலைஞர்களின் அசைவைப் பதிவுசெய்து, பால் கைசரும் ஷெல்லி எஷ்காரும் அதைக் கையால் கிறுக்கிய கோட்டுருவங்களாக மாற்றினார்கள். மேடைக்கு முன் தொங்கும் மெல்லிய திரையில் அந்தக் கோடுகள் ராட்சத உயரத்தில் ஆட, பின்னால் உண்மையான கலைஞர்கள் ஆடுவார்கள். கோடுகளுக்கு முகமும் இல்லை, தோலும் இல்லை. ஆனாலும் ஒரு கோடு குதித்து இறங்கும்போது, பார்க்கிறவரின் முழங்கால் லேசாக மடங்கும்.