மோட்டார் சைக்கிள் உடைக்கு எத்தனை மதிப்பெண்?

கடலாடியிலிருந்து சாயல்குடி செல்லும் சாலையில் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு நின்று பாருங்கள். மோட்டார் சைக்கிளில் செல்பவர்களில் பலர் கைலியோ, வேட்டியோ, மெல்லிய பாலியெஸ்டர் கால்சட்டையோ அணிந்திருப்பார்கள். காலில் ரப்பர் செருப்பு. எப்போதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தூத்துக்குடிப் பக்கம் போகும் இளைஞர் ஒருவர், தோளிலும் முழங்கையிலும் திண்டு வைத்த கறுப்பு ஜாக்கெட்டுடன் கடந்து செல்வார். தரச் சோதனை பெற்ற ஜாக்கெட்டானால் அதன் உட்புறத்தில் சிறு துணிச்சீட்டு ஒன்று தைக்கப்பட்டிருக்கும். அதில் ‘ஏ’, ‘ஏஏ’, ‘ஏஏஏ’ என்று ஏதேனும் ஒன்று காணப்படும். தேர்வுத்தாளில் இடும் மதிப்பெண் போன்றது அது. எந்தக் கேள்வியைக் கேட்டு அந்த மதிப்பெண் போடப்பட்டது? நம் ஊர்க்காரருக்கு அது பொருந்துமா? இதை நாம் சற்று ஆராய்வோம்.

முதலில் கணக்கு. மணிக்கு 45 கி.மீ. என்பது வினாடிக்கு 12.5 மீட்டர். வண்டி சறுக்கி 70 கிலோ எடையுள்ள ஒருவர் தார்ச்சாலையில் விழுகிறார். உராய்வுக் குணகத்தை 0.6 என்று கொண்டால் அவர் ஏறத்தாழ 2 வினாடி, 13 மீட்டர் தூரம் தேய்ந்துகொண்டே சென்று நிற்பார். அவருடைய இயக்க ஆற்றல் சுமார் 5,500 ஜூல். அது முழுவதும் எங்கோ செலவாகியே தீர வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும், இடுப்பருகே உள்ளங்கை அகலத்துக்கு உள்ள 2 கிராம் பாலியெஸ்டர் துணியில் வெப்பமாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். துணியின் வெப்பநிலை 200 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். பாலியெஸ்டரின் உருகுநிலையோ ஏறக்குறைய 260 டிகிரி செல்சியஸ். கந்தலாவதற்கு முன்பே துணி இளகித் தோலோடு ஒட்டிக்கொள்ளக் கூடும் என்பது இதனால் விளங்கும். பருத்தி உருகாது, ஆனால் விரைவில் தேய்ந்து கிழியும். 1965இல் ஸ்டெபனி குவோலெக் கண்டுபிடித்த கெவ்லார் இழை உருகுவதே இல்லை. 450 டிகிரிக்கு மேல்தான் சிதையத் தொடங்குகிறது. தோலாடை தடிப்பாலும் இழைப் பின்னலாலும் தாக்குப்பிடிக்கிறது.

இப்போது மதிப்பெண்ணுக்கு வருவோம். இது 2020இல் வெளியான ஈ.என். 17092 என்னும் ஐரோப்பியத் தரவிதியின்படி போடப்படுவது. துணித் துண்டுகளைச் சுழலும் கரங்களில் பொருத்தி, குறித்த வேகம் வந்ததும் கான்கிரீட் பலகையின் மேல் விழவிடுவார்கள். கரம் சுற்றிச் சுற்றித் தானே நிற்கும்வரை துணி தேயும். 5 மில்லிமீட்டருக்கு மேல் ஓட்டை விழாவிட்டால் தேர்ச்சி. தோள், முழங்கை, முழங்கால் போன்று அதிகம் அடிபடும் பகுதிகளில் ‘ஏஏஏ’ உடை மணிக்கு 120 கி.மீ.க்கு நிகரான சுழற்சியைத் தாங்க வேண்டும், ‘ஏஏ’ 70, ‘ஏ’ 45.

என் முதல் குறை இங்கேதான். ‘ஏஏ’ பெற்ற உடையில் குறைவாக அடிபடும் எனக் கருதப்படும் பகுதிகளுக்கு 25 கி.மீ. சோதனையே போதும். சீட்டில் இருப்பதோ ஒரே மதிப்பெண். கணக்கில் 70, வரலாற்றில் 25 வாங்கிய மாணவனுக்கு இரண்டிலும் 70 என்று சான்றிதழ் கொடுப்போமா?

இதற்கு முன்பிருந்த ஈ.என். 13595 என்னும் தரவிதி வேறு வகை. கேம்பிரிட்ஜில் ரோடரிக் வுட்ஸ் வகுத்த அந்த முறையில், வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் உப்புத்தாள் பட்டையின் மீது துணியை அழுத்தி, ஓட்டை விழ எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். முக்கியப் பகுதிகள் குறைந்தது 4 வினாடி தாங்க வேண்டும். சாதாரண ஜீன்ஸ் துணி ஒரு வினாடி தாங்குவதே அரிது. புதிய விதி தரத்தை இறக்கிவிட்டது என்று சிலர் வருந்துகிறார்கள். நான் அவர்கள் பக்கம் இல்லை. தடித்த தோலாடையை வைகாசி வெயிலில், கடற்காற்றின் ஈரப்பதத்தில், வாலிநோக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர் அணிவாரா? வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும்; காற்றுப் புகாத உறைக்குள் அது ஆவியாக வழியில்லை. வீட்டு ஆணியில் தொங்கும் ‘ஏஏஏ’வைவிட உடம்பில் இருக்கும் ‘ஏ’ மேல்.

ஆனால் அந்த எழுத்துகள் வெப்பத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஐரோப்பியக் குளிரில் அது பெரிய குறையாகத் தோன்றியிராது. 2018இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மோட்டோகேப் என்னும் திட்டம் இதை உணர்ந்து, பாதுகாப்புக்குத் தனியாகவும் வெப்ப வசதிக்குத் தனியாகவும் நட்சத்திரங்கள் வழங்குகிறது. நமக்கு வேண்டிய வினாத்தாள் இதுதான்.

தோளிலும் முழங்கையிலும் வைக்கும் திண்டுகளுக்குத் தனிச் சோதனை உண்டு. 5 கிலோ எடை 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அளவான 50 ஜூல் ஆற்றலுடன் அதை அடிப்பார்கள். மறுபுறம் கடந்துவரும் விசை சராசரி 35 கிலோநியூட்டனுக்கு மிகாவிட்டால் முதல் நிலை. 20க்கு மிகாவிட்டால் இரண்டாம் நிலை. கால் எலும்பு குறுக்கே அடிபட்டால் சில கிலோநியூட்டனிலேயே முறியலாம். சோதனையில் அடியில் இருப்பது நெகிழாத எஃகு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிடலாகாது. ஆயினும் திண்டு வைத்தால் எலும்பு முறியாது என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

ஆய்வகத்துக்கு வெளியே கிடைத்த சான்று என்ன? லிஸ் டி ரோம் குழுவினர் கான்பெரா பகுதியில் விபத்துக்குள்ளான 212 ஓட்டிகளை ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். மோட்டார் சைக்கிளுக்கென்றே தைத்த கால்சட்டை அணிந்தோர் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகவும், ஜாக்கெட் அணிந்தோருக்கு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்திருந்தது. திண்டு வைத்த உடைகளில் காயங்கள் குறைந்தன. எலும்பு முறிவு குறைந்ததாகத் தெரியவில்லை. ஜாக்கெட்டுகளில் 29.7 சதவிகிதம் விபத்தில் கிழிந்தோ தேய்ந்தோ பயனற்றுப் போயிருந்தன! இன்னொரு முடிவு நமக்கு மிக முக்கியம். மோட்டார் சைக்கிளுக்கென்று செய்யப்படாத சாதாரண பூட்சு கூட, ஷூ அணிந்தவர்களோடு ஒப்பிட்டால் கால் காயத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைத்திருந்தது. அங்கே ஒப்பிட்டது ஷூவுடன். இங்கே நம்மிடம் இருப்பது ரப்பர் செருப்பு.

எதிரே வரும் பேருந்தின் மீதோ பாலத்துக் கைப்பிடிச் சுவரின் மீதோ மோதினால் எந்தத் துணியும் உதவாது. அங்கே தலைக்கவசமும் குறைந்த வேகமும்தான் ஏதாவது செய்ய முடியும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவிகிதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் ஐ.எஸ். 4151 தரத்தில் இருக்க வேண்டும் என்பது 2021 ஜூன் முதல் கட்டாயம். ஜாக்கெட்டுக்கோ கால்சட்டைக்கோ அத்தகைய கட்டாயம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் துணியைப் பற்றி நினைக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி கூறுகிறது. நாம் சாரி கார்டு என்பது அதைத்தான். சேலையும் வேட்டியும் உடுத்தும் மக்களை நினைத்து எழுதிய விதி அது. அதே நினைப்போடு, 40 டிகிரி வெயிலுக்கும் 45 கி.மீ. வேகத்துக்கும் ஓர் உடைத் தரத்தை வகுக்க முடியாதா? அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நெசவுக்கும் தையலுக்கும் திருப்பூர் இருக்கிறது.

அதுவரை, இருப்பதைக் கொண்டு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கணுக்காலை மூடும் பூட்சு, தடித்த பருத்தியில் முழுக்கால்சட்டை, கையுறை. ஜாக்கெட் வாங்குவதானால் சீட்டில் உள்ள எழுத்தோடு நிற்காமல், முழங்கையில் எத்தனை அடுக்குத் துணி, காற்று புக வலைத்துணி எங்கே, அந்த வலைத்துணி விழும்போது தரையில் படும் இடத்தில் இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். பாலியெஸ்டர் உள்சட்டையை விட்டுவிடுங்கள். கைலி கட்டித்தான் போவேன் என்பவர், சாரி கார்டைக் கழற்றாமலாவது வைத்திருக்கட்டும்.