மேலே போகாதவருக்கும் ஒரு நாள்

மூன்று தலைமுறையும் சேர்ந்து மலைக்குப் போகும்போது எந்த ஊரில் தங்குவது, எதில் போவது, எப்படி ரசிப்பது?

கேரளத்தின் மலையோர நெடுஞ்சாலையை வரைபடத்தில் பாருங்கள். காசர்கோடு மாவட்டத்து நந்தாரப்படவில் ஒரு முனை. அங்கிருந்து 1,200 கிலோமீட்டருக்கு மேல் மலையடிவாரத்தைத் தொட்டுக்கொண்டே வந்து, தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று முன்னால் பாறசாலையில் முடிகிறது. பகுதி பகுதியாகப் போடப்பட்டுவரும் சாலைதான். ஆனாலும் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் இருப்பவர்களுக்கு அது ஒரு விஷயத்தை உறுதிப்படுத்துகிறது. மலை இங்கே பக்கத்து வீடு. ஒரு பக்கம் பூவாறு கடற்கரை, மறுபக்கம் அகத்தியமலைத் தொடர். எந்தப் பக்கமும் அரை நாளில் போய் வந்துவிடலாம்.

அப்படியிருந்தும் குடும்பமாக மலைக்குப் போய்வந்த பலர் அலுத்துத்தான் திரும்புகிறார்கள். மலைமேல் அறை எடுக்கிறார்கள். மூட்டுவலியுள்ள பாட்டி அறையை விட்டு வெளியே வரமுடியவில்லை. மழை பெய்தால் பிள்ளைகளுக்கும் போக்கிடம் இல்லை. இளையவர்கள் மனசில்லாமல் ஆளுக்கு ஒரு பக்கம் போகிறார்கள்.

இதைத் தவிர்க்க ஒரு கேள்வி போதும். அன்று மேலே போகாமல் தங்கிவிடுபவருக்கு இந்த ஊரில் ஒரு நல்ல நாள் இருக்கிறதா? இருந்தால் அங்கே தங்குங்கள். இல்லையென்றால் அந்த ஊர் எவ்வளவு அழகாக இருந்தாலும் பகலில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

எந்த ஊரில் தங்குவது?

நெய்யாற்றின்கரைக்கு என் முதல் ஓட்டு. ரயில் நிலையம் உண்டு, அரசுப் பொது மருத்துவமனை உண்டு, ராத்திரி எட்டு மணிக்கும் சூடாகக் கஞ்சி கிடைக்கும். தங்கிவிடும் தாத்தா பாட்டிக்குக் காலையில் ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில். எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தியபோது திருவிதாங்கூரின் மார்த்தாண்டவர்மா ஒளிந்துகொண்டதாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவு என்ற பலாமரம் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் தெம்பிருந்தால் ஆட்டோவில் அருவிப்புறம். 1888 சிவராத்திரியில் ஸ்ரீநாராயணகுரு நெய்யாற்றிலிருந்து கல்லெடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்த இடம் அது. ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கலாம். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

பாறசாலை இன்னும் அமைதி. மகாதேவர் கோயிலும், அருகே செங்கல் என்ற ஊரில் 111 அடிச் சிவலிங்கம் எழுந்த மகேஸ்வரம் கோயிலும் உண்டு. களியக்காவிளை அடுத்த நிறுத்தம் என்பதால், தமிழ் பேசிப் பழகிய பெரியவர்களுக்குக் கடைத்தெருவில் தடுமாற்றம் இருக்காது. பேச்சிப்பாறை, திற்பரப்பு, சிதறால் பக்கம்தான் உங்கள் நாட்டமென்றால் எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் மார்த்தாண்டத்தில் தங்குவது வசதி.

நெய்யாறு அணைப்பக்கம் ஒரு ராத்திரிக்கு நன்றாக இருக்கும். பொன்மூடியிலும் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி உண்டு. ஆனால் முழு விடுமுறையையும் அங்கே கழிக்கத் திட்டமிடாதீர்கள். நாலு ராத்திரி என்றால் மூன்று கீழே, ஒன்று மேலே. அந்த ஒரு ராத்திரிக்குப் பெரிய பெட்டிகளைக் கீழேயே விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு கைப்பையோடு போங்கள்.

குளிருக்காக மேலே தங்க வேண்டும் என்பார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். பொன்மூடியின் உயரம் சுமார் 1,100 மீட்டர். பகலில் போய் ஒரு சுவெட்டர் போட்டுக்கொண்டாலே அந்தக் குளிரை முழுதாக அனுபவித்துவிடலாம்.

எதில் போவது?

தூரத்திலிருந்து வருகிறவர்கள் ரயிலில் வாருங்கள். திருவனந்தபுரம் – நாகர்கோவில் பாதை 1979இல் திறந்ததிலிருந்து இந்த எல்லை ஊர்களுக்கு அதுதான் முதுகெலும்பு. எல்லா விரைவு வண்டியும் எல்லா நிலையத்திலும் நிற்காது. குழித்துறையா, பாறசாலையா, நெய்யாற்றின்கரையா என்று பார்த்து டிக்கெட் போடுங்கள். பெரியவர்களுக்குக் கீழ்ப் படுக்கை கேளுங்கள்.

மலைக்குப் போக வாடகை வண்டிதான். எட்டுப் பேருக்கு இரண்டு கார் எடுப்பதைவிட ஒரு டெம்போ டிராவலர் மேல். ஒரே வண்டியில் உட்கார்ந்து பேசிக்கொண்டு போவதும் பயணம்தானே! வாடகை வண்டி எல்லை தாண்டினால் பர்மிட், வரி என்று கணக்கு ஏறும். அதனால் எந்தப் பக்கம் சுற்றப் போகிறீர்களோ அந்தப் பக்கத்து வண்டியைப் பிடியுங்கள். பொன்மூடிக்கு நெய்யாற்றின்கரை வண்டி, பேச்சிப்பாறைக்கு மார்த்தாண்டம் வண்டி.

பொன்மூடிக்கு நெடுமங்காடு, விதுர வழியாகக் குறைந்தது இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கல்லாறு தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். பெரியவர்களையும் வாந்தி வரும் பிள்ளைகளையும் முன்பக்கம் உட்கார வையுங்கள். வயிறுமுட்டச் சாப்பிடாமல் ஏறுங்கள். கல்லாற்றில் அரை மணி நேரம் நிறுத்தி, ஆற்றில் உருண்டு கிடக்கும் பாறைகளைப் பார்த்தபடி சாயா குடியுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை மூடுவதுண்டு. புறப்படும் முன் விசாரித்துவிடுங்கள்.

எப்படிப் பார்ப்பது?

உயரத்தை ரசிக்க எல்லோரும் ஏற வேண்டியதில்லை. ஏறாமலே உயரம் கிடைக்கும் இடங்களைத் தேடுங்கள். பறளியாற்றின் மேல் நூறடிக்கு மேல் நிற்கும் மாத்தூர் தொட்டிப்பாலம் அப்படி ஒன்று. மலைக்கு மலை தண்ணீரைக் கொண்டுபோகும் கால்வாய்ப் பாலம் அது. மேலே நடை சமதளம். பாதி தூரம் மெல்ல நடந்து நின்று கீழே பாருங்கள்: தென்னையும் ரப்பரும் காலடியில் கிடக்கும். பேரன் கீழே படியிறங்கி ஆற்றுக்கு ஓடட்டும். தாத்தா மேலிருந்து கையசைக்கட்டும்.

அடுத்து, மலையைத் தண்ணீரிலிருந்து பாருங்கள். வானம் தெளிந்த நாளில் நெய்யாறு நீர்த்தேக்கத்தின் பக்கமிருந்தே 1,868 மீட்டர் அகத்தியர்கூடம் தெரியும். அதன் மேல் ஏற வனத்துறை அனுமதி வேண்டும், இரண்டு மூன்று நாள் வேண்டும், நல்ல கால்கள் வேண்டும். குடும்பத்துக்கு அந்தச் சிகரம் பார்ப்பதற்கு, ஏறுவதற்கு அல்ல.

அணையில் நிற்கும்போது பெரியவர்களைப் பேச விடுங்கள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அணை திறந்தது 1958இல். அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. 2004இல் அந்தத் தண்ணீர் நின்றது. கால்வாயில் தண்ணீர் ஓடியதைப் பார்த்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், அன்றைய வழிகாட்டி அவர்தான்.

சிதறாலுக்குக் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். கல் பாவிய பாதை, அவ்வளவு செங்குத்தல்ல. ஆனாலும் வெயில் ஏறினால் கஷ்டம். மேலே பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலக் கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டு. ஏற முடியாதவர் அடிவாரத்து நிழலில் உட்காரலாம்.

வழியெல்லாம் ரப்பர் தோட்டம். ஜனவரியில் இலை பழுத்து உதிரும், பிறகு செம்பழுப்புத் தளிர் விடும். விடியற்காலையில் பால் வெட்டுகிறவர் மரத்துக்கு மரம் போவதை வண்டியை நிறுத்திப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சிரட்டையில் சொட்டும் பாலைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்த காலம். பள்ளி விடுமுறைக்கு ஏப்ரல், மேயில்தான் வர முடியுமென்றால், மலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பிற்பகலில் இடிமழை பிடிக்கும்.

ஆல்ப்ஸுக்கும் இதே கணக்கு

சுவிட்சர்லாந்து போகும் குடும்பங்களும் இதே கேள்வியைக் கேட்கலாம். வெங்கனும் சேர்மாட்டும் கார் நுழையாத அழகான மலை ஊர்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் மலை ரயிலில்தான் ஏறி இறங்க வேண்டும். தூன், பிரியன்ஸ் ஏரிகளுக்கு நடுவே சமதளத்தில் இருக்கும் இன்டர்லாக்கன் 570 மீட்டருக்குள்தான். இளையவர்கள் 1912இல் திறந்த ரயிலில் 3,454 மீட்டர் யுங்ஃபிராவ் கணவாய்க்குப் போய்வரும் நேரத்தில், பெரியவர்கள் ஏரிக்கப்பலில் போகலாம். அவ்வளவு உயரத்தில் காற்று மெலியும். இதய, நுரையீரல் தொல்லையுள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் ஏறக்கூடாது. பெர்னில் உறவினர் வீடு இருந்தால், அங்கிருந்து இன்டர்லாக்கனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கோடையில் அங்கேயும் இடிமழை பிற்பகலில்தான். முதல் வண்டியிலேயே ஏறிவிடுங்கள்.

எங்கே போனாலும் காலையில் இரண்டு குழுவாகப் பிரிய வெட்கப்படாதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் எல்லோரும் ஒரே மேசையில் உட்காருங்கள். மரச்சீனியும் மீன்கறியும் வந்ததும், முதலில் பேசும் உரிமையைக் கீழே தங்கியவருக்குக் கொடுங்கள். அவரிடம் சொல்ல நாலு விஷயம் இருந்தால் ஊரைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஒன்றும் இல்லையென்றால் மறுநாள் திட்டத்தை மாற்றுங்கள். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.