மாடல் ஹவுஸ் சோஃபாவுக்கு மூன்று கவர்கள்: எது தாங்கும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் வெளியில் போட்டு வைக்கும் நாற்காலி, சோஃபாக்களுக்குக் காற்றுப் போக்கி வைத்துத் தைத்த பாலியஸ்டர் கவர்தான் சரி. லாரிக்குப் போடும் பிவிசி தார்ப்பாய் அதைவிட நன்றாகவே மழையைத் தடுக்கிறது. ஆனாலும் அதற்கு இரண்டாம் இடம்தான். நீல நிறச் சாதாரணத் தார்ப்பாய் அவசரத்துக்கு உதவும், நம்பி விட்டுவிட முடியாது.

யாருக்கு இந்தக் கவலை? ஜிஎன்டி சாலையில் கவரைப்பேட்டையைத் தாண்டினால் வில்லா விளம்பரப் பலகைகள் வரிசை கட்டி நிற்கின்றன. மேற்கே திருமழிசை, காக்களூர் பக்கமும் அப்படித்தான். விற்பனைக்கு முன்பே ஒரு வீட்டை முழுதாக அலங்கரித்து ‘மாடல் ஹவுஸ்’ என்று திறந்து வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் பொருளுக்குப் பிரச்சினை இல்லை. பால்கனியில் பிரம்பு நாற்காலி, மொட்டை மாடியில் எல் வடிவ சோஃபா, புல்வெளியில் ஊஞ்சல், பெரிய குடை என்று வெளியே போடுகிற சாமான்தான் சீக்கிரம் கெடுகிறது. சனி, ஞாயிறு சைட் விசிட் நேரத்தில் மட்டும் அது பளிச்சென்று தெரிய வேண்டும். மற்ற நாளெல்லாம் மூடியே கிடக்கும். ஆடி மாதம் புக்கிங் மந்தம் என்பதால் அப்போது வாரக்கணக்கில் யாரும் கவரைத் தொடுவதுகூட இல்லை. இந்த சாமான் ஒரு புராஜெக்ட் முடிந்ததும் அடுத்த புராஜெக்டுக்குப் போக வேண்டியது. வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் திருப்பிக் கொடுக்கும்போது கறைக்கும் கிழிசலுக்கும் கணக்குக் கேட்பார்கள்.

சோதனைக்கு இரண்டு இடங்கள். ஒன்று, கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு வில்லாவின் மொட்டை மாடி. மற்றொன்று, காக்களூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டுப் புல்வெளி. பவுடர் கோட்டிங் செய்த இரும்புச் சட்டத்தில் சிந்தெடிக் பிரம்பு பின்னிய சோஃபாக்களை இரண்டு இடத்திலும் போட்டோம். கத்திரி வெயிலுக்கு முன்பே மூடி, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு பிரித்துப் பார்த்தோம். இடையில் வார இறுதிகளில் சைட் விசிட்டுக்காகத் திறந்து மூடியது வழக்கம்போல வாட்ச்மேன்கள்தான்.

ஊர் வேறு, எதிரி வேறு

கடலோரம் என்றாலே உப்புக் காற்றுதான் எமன் என்பது பொதுவான எண்ணம். காற்றில் வரும் உப்பின் பெரும்பகுதி கரையை ஒட்டிய நிலத்திலேயே படிந்துவிடும், உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கும் அப்பால்தான் கடல். அங்கே உப்பைவிடப் பெரிய தொல்லை இரும்புத் துகள். உருக்கு உலைகளும் ரீரோலிங் மில்களும் நிறைந்த வட்டாரம் அது. காற்றில் வரும் நுண்துகள் ஈரமான பரப்பில் ஒட்டிக்கொண்டு, அங்கேயே துருப்பிடித்து, வெள்ளை பவுடர் கோட்டிங் மேல் ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரியும். நாற்காலி துருப்பிடித்துவிட்டதாக நினைத்து அதைத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. உண்மையில் நாற்காலிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, வந்து ஒட்டிய துகள்தான் துருப்பிடித்திருக்கும். ஆரம்பத்திலேயே கவனித்தால் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த கறைநீக்கியால் துடைத்து எடுத்துவிடலாம். கையுறை அவசியம்.

திருவள்ளூர்ப் பக்கம் கதை வேறு. தமிழ்நாட்டில் அன்றைய அதிக வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியலில் கோடையில் அடிக்கடி இடம்பெறும் திருத்தணி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. இங்கே கவரை முதலில் சாப்பிடுவது புற ஊதாக் கதிர்.

உலோகம் அரிக்கும் சூழலை ஐஎஸ்ஓ 9223 என்ற தரநிலை மூன்று விஷயங்களை வைத்து மதிப்பிடுகிறது: காற்றில் உள்ள உப்பு, கந்தக டை ஆக்சைடு, பரப்பு ஈரமாக இருக்கும் நேரம். முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவதைக் கவர் குறைக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும். இந்தச் சோதனை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

எச்டிபிஇ தார்ப்பாய்

ஹார்டுவேர் கடையில் சதுர அடிக் கணக்கில் வெட்டித் தருவது. விலை மலிவு, எடையும் குறைவு. முதல் மழைகளை நன்றாகவே தாங்கியது. ஆனால் அளவெடுத்துத் தைக்காத சதுரத் துணி என்பதால் மூலைகளில் மடித்துக் கயிறு கட்ட வேண்டியிருக்கிறது. ஆடிக் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. மேலே படிந்த தூசியும் கவரும் சேர்ந்து சோஃபாவின் கைப்பிடியில் உப்புத்தாள் போலத் தேய்த்து, பெயின்டின் பளபளப்பைப் போக்கிவிட்டன.

வெயிலில் கிடந்த திருவள்ளூர்த் தார்ப்பாய் மடிப்பு விழுந்த கோடுகளில் வெளிறி, நார் நாராகப் பிரியத் தொடங்கியது. மொட்டை மாடியில் பாதி நிழலில் இருந்தது அந்த அளவு கெடவில்லை. புற ஊதாக் கதிர்த் தடுப்பு சேர்த்த ரகம் கேட்டு வாங்கினால் ஆயுள் கூடும். ஒரு பக்கம் கறுப்பாக இருப்பதும் நல்லது. அந்தக் கறுப்பைத் தரும் கார்பன் தூள் கதிரைத் தானே வாங்கிக்கொள்ளும்.

பிவிசி தார்ப்பாய்

மாதவரம் பக்கம் லாரி தார்ப்பாய் தைப்பவர்களிடம் அளவு கொடுத்தால் சோஃபா வடிவிலேயே ஓரம் ஒட்டி, ஐலெட் அடித்துத் தருவார்கள். நாங்கள் எடுத்தது 650 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 650 கிராம். மூன்று பேர் உட்காரும் சோஃபாவுக்குச் சுமார் 7 சதுர மீட்டர் துணி போகும். கணக்குப் போட்டால் நாலரைக் கிலோ. “ஈரமா இருக்கும்போது மடிக்கவே முடியல சார்” என்றார் மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்ட வாட்ச்மேன் அண்ணன்.

ஐப்பசி அடைமழையில் ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை. காற்றிலும் தன் எடையாலேயே அசையாமல் கிடந்தது. ஆனால் பிரித்துப் பார்த்தபோது குஷனின் அடிப்பக்கம் பூஞ்சணம் பூத்திருந்தது. சட்டத்தின் வெல்டிங் இணைப்புகளில் உண்மையான துரு.

காரணம் எளிது. பகலில் வெயில் ஏறும்போது தரையிலும் குஷனிலும் இருக்கும் ஈரம் ஆவியாகிறது. வெளியேற வழி இல்லை. இரவில் கவர் குளிர்ந்ததும் அந்த ஆவி அதன் உட்புறத்தில் துளியாகிச் சோஃபா மேலேயே சொட்டுகிறது. மறுநாள் மீண்டும் அதே சுற்று. வெளியே மழை நின்ற பிறகும் கவருக்குள் ஈரம் தொடர்ந்துகொண்டே இருக்கும். இன்னொரு குறை, நடுவில் தேங்கும் தண்ணீர். டெங்கு கொசுவுக்கு அந்தத் தண்ணீர் போதும். ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து நடுவில் வைத்துச் சரிவு உண்டாக்கினால் இந்தக் குறை தீரும். பூஞ்சணத்துக்கு அது தீர்வாகாது.

காற்றுப் போக்கி உள்ள பாலியஸ்டர் கவர்

ஆன்லைனில் ‘600டி ஆக்ஸ்ஃபர்ட்’ என்று போட்டு விற்பது இதைத்தான். டி என்பது டெனியர். 9,000 மீட்டர் நூலின் எடை 600 கிராம் என்று பொருள். உட்புறம் நீர் புகாத பாலியூரித்தேன் பூச்சு. இரண்டு பக்கத்திலும் மேல் மடிப்புக்குக் கீழே வலை வைத்த காற்றுப் போக்கி, அடியில் இழுத்துக் கட்டும் நாடா, கால்களைச் சுற்றிப் பூட்டும் கொக்கி. எங்கள் சோஃபாவுக்கான கவர் இரண்டு கிலோவுக்குள் அடங்கியது. ஒரே ஆள் சில நிமிடங்களில் போட்டு எடுத்துவிடலாம். வாரந்தோறும் திறந்து மூடும் இடத்தில் இது பெரிய விஷயம். போடச் சிரமமான கவரை யாரும் ஒழுங்காகப் போடுவதில்லை.

மழையில் தையல் கோடு வழியாகக் கொஞ்சம் கசிந்தது. தையலின் மேல் டேப் ஒட்டிய ரகம் வாங்கினால் இது குறையும். ஆனால் கசிந்த ஈரம் அன்றைக்கே காய்ந்தும்விட்டது. குஷனில் பூஞ்சணம் இல்லை, வெல்டிங்கில் துரு இல்லை. நிறம் மட்டும் திருவள்ளூர் வெயிலில் கண்ணுக்குத் தெரியும் அளவு வெளுத்தது. நூலாக்கும் முன்பே சாயம் கலந்த துணி இதைவிட நிறம் தாங்கும், விலையும் பல மடங்கு.

இதற்கும் ஆயுள் உண்டு. வெப்பமும் ஈரமும் சேரும் இடத்தில் பாலியூரித்தேன் பூச்சு மெல்லச் சிதைந்து பிசுபிசுக்கும், பிறகு உரியும். உட்புறம் கையில் ஒட்டத் தொடங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஈரத்தோடு மடித்துக் கிடங்கில் போட்டால் அது இன்னும் சீக்கிரம் வரும்.

வாங்கும்போது உள்பக்கமும் வெளிப்பக்கமும் வேறு வேறு நிறத்தில் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். கும்மிடிப்பூண்டியில் கவர் போட்டும் சில கைப்பிடிகளில் ஆரஞ்சுப் புள்ளி வந்தது. கழற்றிய கவரைத் தரையில் போட்டு, அடுத்த முறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் தூசிப் பக்கத்தை உள்ளே வைத்து மூடியதுதான் காரணம். நிறம் வேறாக இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

கூடவே வைத்த புளூடூத் ஹைக்ரோமீட்டர்

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சென்சார், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கவருக்குள் வைத்துவிட்டால் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதிந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் போய் ஃபோனைத் திறந்தால் வரைபடமாகக் காட்டும். ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும் நேரம்தான் உலோகம் ஈரமாக இருக்கும் நேரம் என்று கணக்கிடுவது வழக்கம். பிவிசிக்குள் அந்தக் கோடு பல நாட்கள் கீழே இறங்கவே இல்லை. பாலியஸ்டருக்குள் முற்பகல் முடிவதற்குள் வெளிக்காற்றின் அளவுக்கு வந்துவிட்டது.

இந்த விலையில் 3 சதவீதம் முன்பின் காட்டுவது சகஜம். வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஒரு மூடியில் சமையல் உப்பை வைத்துச் சேறாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, சென்சாரோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி சிக்னல் சரியாக வராது என்பது குறை. ஒவ்வொரு முறையும் மாடி ஏறித்தான் பார்க்க வேண்டும்.

கவரால் ஆகாதவை

குஷனை வெளியே விடாதீர்கள். எந்தக் கவர் போட்டாலும் சைட் விசிட் முடிந்ததும் குஷன் உள்ளே போக வேண்டும். சாதாரண ஃபோம் ஒரு முறை நீரைக் குடித்தால் முழுதாக உலர நாளாகும். சட்டத்தை மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் காய வைத்த பிறகே மூட வேண்டும். ஸ்டீல் சாமான் வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். 202, 304 இரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. துருவைத் தாங்குவது நிக்கல் கூடுதலாக உள்ள 304தான். ரகத்தைப் பில்லில் எழுதி வாங்குவது பாதுகாப்பு.

புயல் எச்சரிக்கை வந்தால் கவரை மறந்துவிடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று சென்னைக்கு அருகே கரையைக் கடந்த வர்தா மரங்களையே வேரோடு சாய்த்தது. அந்தக் காற்றுக்குக் கவர் போட்ட சோஃபா ஒரு பாய்மரம். குடையையும் ஊஞ்சலையும் முதலில் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

மதிப்பெண்

எச்டிபிஇ தார்ப்பாய்: 10க்கு 5. ஒரு பருவத்துக்கு மட்டும், நிழலுள்ள இடத்துக்கு.

பிவிசி தார்ப்பாய்: 10க்கு 6. குஷனோ இரும்போ இல்லாத கல் மேசை, பிளாஸ்டிக் சாமானுக்கு ஏற்றது. சோஃபாவுக்குத்தான் வேண்டும் என்றால் தைப்பவரிடம் சொல்லி இரண்டு பக்கமும் வலை வைத்த திறப்பு விடச் சொல்லுங்கள்.

பாலியஸ்டர் கவர்: 10க்கு 8. கும்மிடிப்பூண்டிக்கு இதை எடுத்து மாதாமாதம் கழுவுங்கள். திருவள்ளூர் வெயிலுக்கு வெளிர் நிறம் வேண்டாம் என்பார்கள், அதைவிடப் புற ஊதாத் தடுப்பு உண்டா என்று கேட்பதே முக்கியம்.

ஹைக்ரோமீட்டர்: 10க்கு 7. ஒரு மாடல் ஹவுஸுக்கு ஒன்று போதும். எந்தக் கவர் வாங்கினாலும் முதல் மழை மாதத்தில் அதை உள்ளே வைத்துப் பாருங்கள். வெயிலடிக்கும் மதியத்திலும் 80க்குக் கீழே இறங்கவில்லை என்றால் கவரை மாற்றுங்கள், அல்லது கத்தரியை எடுத்து அதில் காற்றுக்கு வழி வெட்டுங்கள்.